கே.ஏ. வண்டி டி.என். வண்டி ஆன கதை

2024 ஜனவரியில் தேட ஆரம்பித்தேன். கடைசி ரூபாய் கைக்கு வந்து கணக்கு முடிந்தது 2025 மார்ச்சில். கர்நாடகப் பதிவெண் உள்ள பழைய கார் ஒன்றை வாங்கித் தமிழ்நாட்டுப் பதிவெண்ணுக்கு மாற்ற 14 மாதமா என்று தோன்றும். கார் எங்கள் வீட்டு வாசலுக்கு ஜூனிலேயே வந்துவிட்டது. மற்ற மாதங்கள் எல்லாம் காகிதத்துக்குப் போனவை. வெளிமாநிலத்தில் கார் வாங்க நினைக்கிறவர்கள் பலரும் என்னைப் போலவே காரைப் பற்றி மட்டும் யோசித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திண்டுக்கல்லில். என் மனைவிக்கு இடது முழங்காலில் தேய்மானம். கிளட்ச் மிதித்து ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஓட்டுவதை விடவும் அவளுக்கு மனமில்லை. ஆகவே ஆட்டோமேட்டிக் கார் வேண்டும், பெட்ரோல், சின்ன வண்டி, 5 லட்சத்துக்குள். ஊரில் இருக்கும் பழைய கார் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினேன். நின்றவை பெரும்பாலும் மேனுவல் டீசல் வண்டிகள். மதுரையில் இரண்டு கிடைத்தன, இரண்டுமே மூன்று கை மாறியவை. பெங்களூருவிலோ ஆட்டோமேட்டிக் வண்டிகள் குவிந்து கிடக்கின்றன. அந்த ஊர் நெரிசலில் கிளட்ச் மிதித்து அலுத்தவர்கள்தான் அவற்றை வாங்கியிருப்பார்கள். முதல் ஓனரே விற்கும் வண்டிகளும் நிறைய.

இடையில் என் மச்சான் டெல்லி யோசனை சொன்னார். "அங்க பாதி விலைங்க மாப்ள, ட்ரெய்லர்ல ஏத்திவிட்டா வீட்டு வாசல்ல இறக்கிருவான்" என்றார். அப்போது டெல்லியில் விலை குறைவாக இருந்தது உண்மைதான், அதற்குக் காரணமும் இருந்தது. 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015இல் உத்தரவிட்டிருந்தது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த வயதை நெருங்கும் வண்டியை அங்கே இருந்தவர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். வண்டியில் கோளாறு இல்லாமலே விலை விழுவதற்கு இது ஒரு நியாயமான காரணம். ஆனால் திண்டுக்கல்லிலிருந்து 2,500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒருவரை நான் எத்தனை முறை போய்ப் பார்க்க முடியும்? ஒருமுறை பார்ப்பதே பெரும்பாடு. பெங்களூரு என்றால் இரவு பஸ் ஏறினால் விடிகாலையில் போய் இறங்கிவிடலாம். ஓசூரில் தம்பி (சித்தி மகன்) வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அதனால் பெங்களூரு என்று முடிவு செய்தேன்.

முதல் தடவை சறுக்கிவிட்டேன். பிப்ரவரியில் ஒரு டீலரிடம் வெள்ளை நிற ஆட்டோமேட்டிக் ஒன்றைப் பார்த்தோம். ஓட்டம் குறைவு, உள்ளே புத்தம் புதுசு போல இருந்தது. தம்பியும் பார்த்துவிட்டு, "வண்டி நல்லா இருக்குண்ணே" என்றான். 20,000 டோக்கன் கொடுத்தேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்துதான், வண்டியின் பதிவு விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். டோக்கனுக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை அது. ஆர்.சி.யில் ஒரு வங்கியின் பெயர் இன்னும் நின்றது. கடன் எப்போதோ அடைபட்டுவிட்டதாம், எச்.பி. எனப்படும் அந்தக் கடன் அடமானப் பதிவை மட்டும் கேன்சல் செய்யவில்லையாம். சரி, செய்து கொடுங்கள் என்றேன். அதற்கு ஓனர் வேண்டும். ஓனர் கனடா போய்விட்டார். அவருடைய பழைய இந்திய எண் உயிரோடு இல்லை. பரிவாகன் தளத்தில் எந்த விண்ணப்பம் போட்டாலும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும்.

"ஒரு மாசத்துல எல்லாம் வந்துரும் சார், நீங்க வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்று டீலர் வற்புறுத்தினார். நான் எடுக்கவில்லை. டோக்கனில் 5,000 பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்கள். 5,000 போனதோடு தப்பித்தேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த வண்டியை ஓட்டி வந்திருந்தால், கனடாவில் இருக்கும் முகம் தெரியாத ஒருவரின் பெயரில் உள்ள காரை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அலைந்திருப்பேன்.

டீலரிடம் வாங்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய கார் டீலர்களுக்கென்றே மத்திய அரசின் விதி இருக்கிறது. டீலர் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும். ஓனர் வண்டியை அவரிடம் ஒப்படைக்கும்போது ஃபார்ம் 29சி மூலம் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவாகிவிட்டால் அந்த வண்டிக்கு என்.ஓ.சி. (வேறு இடத்தில் பதிவு செய்யத் தடையில்லை என்ற சான்று) கேட்டு டீலரே விண்ணப்பிக்கலாம், ஓனர் கனடாவில் இருந்தாலும் பரவாயில்லை. அதனால் டீலரிடம் போனால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: உங்களுக்கு அங்கீகாரச் சான்று இருக்கிறதா, இந்த வண்டிக்கு 29சி போட்டாயிற்றா? பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது பார்த்தது சர்ஜாபூர் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். விலை சந்தையைவிட நன்றாகக் குறைவு. தம்பி பேனட்டைக்கூடத் திறக்கவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து அடிவரை இழுத்தான். கடைசி ஒரு சாண் நீளத்தில் பழுப்பாக ஒரு கோடு. அப்புறம் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தான், சீட் தண்டவாளத்துக்கு அடியில் விரலை விட்டான். காய்ந்த வண்டல் மண் விரலோடு வந்தது. 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலை, வெளிவட்டச் சாலை எல்லாம் மூழ்கியது நினைவிருக்கும். அடித்தளப் பார்க்கிங்கில் நின்ற கார்கள் கூரை வரை நீருக்குள் போயின. அவற்றைத் தேய்த்துத் துடைத்து விற்பவர்கள் சீட் கவரை மாற்றுவார்கள், தரைவிரிப்பை மாற்றுவார்கள். பெல்ட்டின் உள்சுற்றை மட்டும் யாரும் மாற்றுவதில்லை. சென்னையில் வாங்குகிறவர்களுக்கு 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும், கேரளத்தில் வாங்குகிறவர்களுக்கு 2018 ஆகஸ்டும் மனதில் இருக்க வேண்டும். அந்தத் தேதிகளில் வண்டி எங்கே நின்றது என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவதாகத்தான் அந்தப் பெரியவரைச் சந்தித்தேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீடு பசவனகுடியில். கன்னடக்காரர், ஆனால் சேலத்தில் சில காலம் வேலை பார்த்ததால் தமிழ் நன்றாகவே பேசினார். 2017 மாடல், சி.வி.டி. என்ற வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள பெட்ரோல் ஹேட்ச்பேக், 41,000 கிலோமீட்டர், முதல் ஓனர். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஓட்டுவதை நிறுத்திவிட்டார். போனில் நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "சார், நீங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றீங்க, குறை எல்லாம் முதல்லயே சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார். பின்பக்க பம்பர் ஒருமுறை உரசிப் பெயிண்ட் அடித்தது. இடது பின்கதவு மழைக்காலத்தில் கொஞ்சம் இறுகும், வேகமாகச் சாத்த வேண்டும். ஏ.சி. கேஸ் போன வருஷம் நிரப்பியது. இரண்டு டயர் மாற்ற வேண்டியவை. நேரில் போய்ப் பார்த்தபோது அவர் சொன்ன நான்கும் இருந்தன, சொல்லாத ஐந்தாவது எதுவும் இல்லை.

அப்படி இருந்தும் முழுதாகச் சோதித்தோம். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் வரும்வரை எஞ்சினைப் போட வேண்டாம் என்று முந்தின இரவே சொல்லி வைத்திருந்தேன். சூடான எஞ்சின் பல சத்தங்களை மறைத்துவிடும். போனதும் பேனட்டில் கை வைத்துப் பார்த்தோம், குளிர்ந்தே இருந்தது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்பட வேண்டும், ஏர்பேக் வெடித்த வண்டியில் அந்த விளக்கின் இணைப்பையே வெட்டி வைத்திருப்பார்கள். கதவின் ரப்பர் பீடிங்கை மெல்ல உரித்து, பில்லர் ஓரத்தில் கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீராக இருக்கின்றனவா என்று தம்பி பார்த்தான். பெரிய அடிபட்டு டிங்கரிங் செய்த வண்டியில் அந்தப் புள்ளிகள் இருக்காது, அல்லது பட்டி பூசி மூடியிருக்கும். பேனட், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. நான்கு கதவுக் கண்ணாடிகளிலும் ஒரே ஆண்டுக் குறி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1617 என்றால் 2017ஆம் ஆண்டின் 16ஆவது வாரம். இரண்டு டயர் வண்டியோடு வந்தவை, இரண்டு 2021இல் மாற்றியவை. 41,000 ஓடிய வண்டிக்கு அது பொருந்தி வந்தது.

கிலோமீட்டரை மீட்டரைப் பார்த்து நம்பக்கூடாது. மீட்டரைக் குறைப்பது பத்து நிமிட வேலை என்று தம்பியே சொல்வான். சர்வீஸ் பில்களில் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். அவரிடம் எல்லா பில்லும் ஒரு கோப்பில் தேதிவாரியாக இருந்தன. பிறகு சர்வீஸ் சென்டருக்கே அவரைக் கூட்டிப் போய், கம்ப்யூட்டரில் இருக்கும் பதிவோடும் ஒப்பிட்டுக்கொண்டேன். சி.வி.டி. எண்ணெய் மாற்றியதற்கும் அதில் பில் இருந்தது. பழைய ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எஞ்சின் ஆயில் மாற்றுகிறவர்களில் பலரும் கியர்பாக்ஸ் எண்ணெயை மறந்துவிடுகிறார்கள், அந்தப் பெட்டி போனால் செலவு லட்சத்தில் வரும். மேம்பாலம் ஒன்றில் ஏறும்போது பாதியில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பார்த்தோம். உதறல் இல்லை.

காரைப் பார்த்து முடிக்க ஒரு முழுக் காலை ஆனது. அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கூடத்தில் காபியோடு பேசிய இரண்டு மணி நேரம்தான் இந்த வியாபாரத்தைக் காப்பாற்றியது. வெளிமாநில வண்டியில், விலை பேசிப் பணம் கொடுத்ததும் விற்பவரோடு உறவு முடிந்துவிடாது. என்.ஓ.சி.க்கு விண்ணப்பிக்க வேண்டியவர் அவர். ஓ.டி.பி. போவது அவருடைய போனுக்கு. கையெழுத்துப் பிசகினால் திரும்பப் போட வேண்டியவரும் அவரே. பழைய மாநிலம் திருப்பித் தரும் வரிப்பணம் போகும் கணக்கும் அவருடையது. எட்டு மாதம் கழித்து நாம் கூப்பிட்டால் போனை எடுக்கிற மனிதரா என்பதைத்தான் அன்றைக்கு நாம் எடை போட வேண்டும். அந்த எடையில் தேறாதவரிடம் எவ்வளவு நல்ல கார் இருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

விலை 5 லட்சத்துக்கு முடிந்தது. 25,000 முன்பணம் வங்கி வழியாக அனுப்பினேன். என்.ஓ.சி. கைக்கு வரும்வரை கார் அவரிடமே இருக்கும், வந்ததும் மீதிப் பணம், அதே நிமிடம் வண்டி. இதை முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டோம். காரை முதலில் எடுத்து வந்துவிட்டு என்.ஓ.சி.க்குக் காத்திருப்பதுதான் பலரும் செய்வது. விற்றவருக்கு முழுப் பணமும் வந்துவிட்ட பிறகு, அவர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடக்க என்ன அவசரம்?

அவருக்கும் ஒரு பயம் இருந்தது, அது நியாயமான பயம். வண்டியை விற்றுவிட்டாலும் பதிவேட்டில் பெயர் மாறாதவரை, விபத்து நடந்தால் இழப்பீட்டுக்குப் பொறுப்பு பதிவேட்டில் உள்ள ஓனருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. வங்கிக்காரர் அல்லவா, அவருக்கு அது தெரிந்திருந்தது. வண்டி கை மாறும் தேதியையும் மணியையும் எழுதி டெலிவரிக் கடிதம் போடுவோம், அதற்கு முன் வந்த அபராதம் உங்களுடையது, பின் வந்தது என்னுடையது, பெயர் மாற்றத்தை உடனே தொடங்கிவிடுவேன் என்று சொன்னதும்தான் அவர் முகம் தெளிந்தது.

என்.ஓ.சி. என்பது ஃபார்ம் 28. அதற்குமுன் வண்டியின் பெயரில் நிலுவை எதுவும் இருக்கக்கூடாது. எச்.பி. இருந்தால் வங்கியின் கடிதமும் ஃபார்ம் 35உம் கொடுத்து நீக்க வேண்டும். இவருக்குக் கடன் இல்லை. ஆனால் போக்குவரத்து அபராதம் மூன்று இருந்தது, கேமராவில் பதிவானவை, அவருக்கே தெரியாது. பெங்களூருவில் இது சாதாரணம். 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு நிலுவை அபராதத்தில் பாதியைத் தள்ளுபடி செய்தபோது கோடிக்கணக்கில் பணம் வந்து குவிந்தது, அந்த அளவுக்கு நிலுவை. அன்றே செலுத்திவிட்டார். திருட்டு வழக்கு எதிலும் வண்டி இல்லை என்பதற்கு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் கொடுத்துத் தேடிப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். சேஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு ஐந்தாறு எடுத்து வைத்துக்கொண்டோம். இங்கேயும் கேட்பார்கள், அங்கேயும் கேட்பார்கள். வண்டி ஓர் ஊரிலும் நாம் ஓர் ஊரிலும் இருக்கும்போது அச்சு தீர்ந்துபோனால் ஒரு நாள் பயணம் வீண்.

இதில் என் தவறால் மூன்று வாரம் போனது. என்.ஓ.சி. எந்த ஆர்.டி.ஓ.வுக்குப் போகிறது என்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும். என் ஆதாரில் பழைய மதுரை முகவரி இருந்தது. அதன் நகலைத்தான் அவருக்கு அனுப்பியிருந்தேன். அவரும் அதைப் பார்த்து மதுரையைத் தேர்வு செய்துவிட்டார். டி.என்.57 திண்டுக்கல் என்று வர வேண்டியது டி.என்.58 மதுரை தெற்கு என்று வந்தது. ரத்து செய்து மறுபடி விண்ணப்பித்தோம். இந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஆதாரில் முகவரியைச் சரிசெய்துகொண்டு, உங்கள் ஆர்.டி.ஓ.வின் குறியீட்டை விற்பவருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காரை எடுத்தோம். ஆர்.சி., என்.ஓ.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, முதலில் வாங்கியபோது ஷோரூம் கொடுத்த அசல் இன்வாய்ஸ், பெயர் மாற்றத்துக்காகக் கையெழுத்திட்ட ஃபார்ம் 29, 30, அவருடைய ஆதார், பான் நகல்கள், இரண்டு சாவி. 29, 30 இரண்டிலும் என் பெயரையும் தேதியையும் அங்கேயே நிரப்பிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன். வெறும் ஃபார்மில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தால் விற்பவருக்கும் கெடுதல், வாங்குபவருக்கும் கெடுதல். அந்த ஷோரூம் இன்வாய்ஸை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

அத்திப்பள்ளி தாண்டி ஓசூரில் தம்பியை இறக்கிவிட்டு, கிருஷ்ணகிரி, தொப்பூர், சேலம், நாமக்கல், கரூர் என்று 44ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே வந்தோம். கரூர் தாண்டியதும் பெரியவரிடமிருந்து போன். "என்ன சார், வேலஞ்செட்டியூர் டோல் தாண்டிட்டீங்க போல!" எனக்குத் திகைப்பு. அவருடைய ஃபாஸ்டேக் இன்னும் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. வழியெல்லாம் அவர் கணக்கிலிருந்துதான் பணம் போயிருக்கிறது, ஒவ்வொரு சுங்கச்சாவடிக்கும் அவருக்குக் குறுஞ்செய்தி போயிருக்கிறது. அன்று இரவே பணத்தை அனுப்பிவிட்டேன், அவர் டேகை மூடிவிட்டார். ஒரு வண்டிக்கு ஒரு ஃபாஸ்டேக்தான் இருக்க முடியும் என்பதால், பழையது மூடப்படாமல் நமக்குப் புதியது கிடைக்காது. இதையும் டெலிவரி நாளிலேயே முடித்துவிட வேண்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் அவசரம் காட்டுங்கள். வண்டி கை மாறிய 14 நாளுக்குள் பாலிசியைப் பெயர் மாற்றக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் ஓட்டி நம் வண்டி அடிபட்டால், சேதத்துக்கு நாம் க்ளெய்ம் கேட்க முடியாமல் போய்விடும். நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. அவர் ஐந்து வருஷமாக க்ளெய்ம் செய்யாமல் சேர்த்த 50 சதவீதச் சலுகை எனக்கு வராது. அந்த வித்தியாசத்தை நான் கட்டினேன்.

அடுத்தது திண்டுக்கல் ஆர்.டி.ஓ. ஆபீஸ். இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். வெளிமாநில வண்டியை 12 மாதம் வரை அப்படியே ஓட்டலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவில் உள்ள அந்த 12 மாதம் புதிய பதிவெண் வாங்குவதற்கான கெடு. வண்டியை விலைக்கு வாங்கியவர் பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 50ஆவது பிரிவு. இரண்டும் வேறு வேறு. வாங்கிவிட்டு ஒரு வருஷம் சும்மா இருக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

பெயர் மாற்றம், முகவரி மாற்றம், புதிய பதிவெண் மூன்றுக்கும் சேர்த்து விண்ணப்பித்தேன். புதிய எண்ணுக்கு ஃபார்ம் 27. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்த்து சேஸ் நம்பரைச் சரிபார்த்தார். அப்புறம் வரி. நான் மனதில் போட்டிருந்த கணக்கு இங்கேதான் உடைந்தது. வாங்கிய விலை 5 லட்சம்தானே, அதற்குத்தான் வரி என்று நினைத்திருந்தேன். வரி போடுவது வண்டி புதிதாக விற்ற விலைக்கு. ஷோரூம் இன்வாய்ஸில் இருந்த தொகை 8 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி உயர்ந்ததும் சேர்ந்துகொண்டது. புதிய கார் என்றால் 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்து விகிதம் குறையும், ஆனால் நாம் எதிர்பார்க்கிற அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே விலை பேசுவதற்கு முன்பே இன்வாய்ஸின் நகலை வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் வரி எவ்வளவு வரும் என்று கேட்டு, அதை விலையோடு கூட்டிப் பாருங்கள். என் வண்டியில் கூட்டிப் பார்த்தபோது, அதே மாதிரி வண்டி மதுரையில் கிடைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. பணம் மிச்சம் பிடிக்க மட்டும் என்றால் பெங்களூருவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. ஊரில் கிடைக்காத, ஒரே கையில் ஒழுங்காக இருந்த வண்டி கிடைத்தது, அதற்காகப் போனது சரிதான்.

புரோக்கர் வைக்கவில்லை. ஆபீஸுக்கு நான்கு முறை போனேன். வேலை நாளில் விடுப்பு எடுக்க முடியாதவர்கள் புரோக்கரிடம் கொடுக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் என்.ஓ.சி.யின் அசலை மட்டும் நாலு நகல் எடுத்து வைத்துக்கொள்ளாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள். ஆகஸ்டில் டி.என்.57இல் புதிய எண் வந்தது. எண் பலகை, இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், புகைச் சான்று எல்லாவற்றிலும் எண்ணை மாற்றினேன்.

கடைசியாக, கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது. அவர் கர்நாடகத்தில் 2017இல் வாழ்நாள் வரி கட்டியிருந்தார். வண்டி வேறு மாநிலத்தில் பதிவாகிவிட்டால், மீதிக் காலத்துக்கான பங்கைத் திருப்பிக் கேட்கலாம். கேட்க வேண்டியவர் அங்கே பதிவேட்டில் இருந்தவர், பணமும் அவர் கணக்குக்குத்தான் போகும். அந்தப் பணம் யாருக்கு என்பதை வியாபாரம் பேசும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் முத்திரைத்தாளில், வந்தால் எனக்கு என்று அவரே சொல்லி எழுதியிருந்தார். புதிய ஆர்.சி.யின் நகலையும் இங்கே வரி கட்டிய ரசீதையும் செப்டம்பரில் அனுப்பினேன். 69 வயதுக்காரர், கண் சரியில்லாதவர், எனக்காக அந்த ஆபீஸுக்கு மூன்று முறை ஆட்டோவில் போய் வந்திருக்கிறார். ஆட்டோச் செலவைக் கேட்டால் வாங்க மறுத்துவிட்டார்.

மார்ச்சில் பணம் அவர் கணக்குக்கு வந்தது, அதே நாள் என் கணக்குக்கு வந்தது. நன்றி சொல்லக் கூப்பிட்டேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, என் மனைவிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது, வண்டி ஓட்டுகிறார்களா என்று விசாரித்தார். போனை வைக்கும் முன், "அந்த இடது பின்கதவு மழைக்கு இன்னும் இறுகுதா சார்?" என்று கேட்டார். இறுகுகிறது என்றேன்.